ஈரம் கேக்குற மரமும் எங்க குண்டடமும்

போன மாசம் திருப்பூர்ல இருந்து மகள் வந்திருந்தா, கூட நாலு வயசு பேத்தியும். பேத்தி தோட்டத்தைச் சுத்தி ஓடிட்டு, தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு மொட்டைக் கட்டைமேல ஏறி நின்னுட்டு, "அப்புச்சி, இது என்ன மரம்?" அப்படின்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள மகளே, "அது அம்மா வெச்ச கிறிஸ்துமஸ் மரம் கண்ணு, செத்துப்போச்சு" அப்படின்னா. "அப்போ இன்னொண்ணு வெக்கலாமா அப்புச்சி?"

அதுக்கு என்னால உடனே பதில் சொல்ல முடியலைங்க. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும். மரத்தோட வரலாறு எங்க வரலாற்றைவிட நீளம்.

2004-ல மகள் எட்டு வயசு. பள்ளிக்கூடத்துல ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போனாங்க. எல்லாப் பிள்ளைகளும் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கிட்டு வர, இவ மட்டும் கையில இருந்த காசுக்கு ரோட்டோரம் ஒரு நாற்றங்கால்ல கறுப்புக் கவர்ல ஒரு செடி வாங்கிட்டு வந்தா. ஒரு சாண் உயரம். நடுவுல ஒரு தண்டு, அதுல அடுக்கடுக்கா நட்சத்திரம் மாதிரி கிளை. படிக்கட்டு வெச்ச மாதிரி அவ்வளவு ஒழுங்கு. அரௌகேரியாங்கிற இனம், நம்ம ஊர்ல கிறிஸ்துமஸ் மரம்னு விக்கிறது. அதோட சொந்த ஊர் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடல்ல இருக்கிற தீவுங்க. நாலு பக்கமும் கடல், காத்துல எப்பவும் ஈரம்.

எங்க ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: குண்டடம் தாராபுரத்துக்குப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நேரா எங்க மேலதான் அடிக்கும். ஆடி மாசம் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். அதனாலதான் இன்னைக்கு இந்தப் பக்கம் பூரா காத்தாடி நிக்குது. மழை நல்ல வருஷத்துல கூட 600 மில்லிமீட்டர் பக்கம்தான். மண்ணு சரளை, ரெண்டு அடி தோண்டினா சுண்ணாம்புக்கல். போர் தண்ணி உப்பு. வெள்வேலும் கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் தானா வர்ற ஊரு. இங்க ஒரு தீவு மரத்தைக் கொண்டாந்து வெச்சா என்ன ஆகும்?

ஆனா வளர்ந்துச்சுங்க. மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரெண்டு குடம் ஊத்துவா. மாட்டுத் தொட்டி பக்கத்துல வெச்சதால வழியற தண்ணியும் அதுக்குத்தான். மேற்கே தென்னந்தோப்பு இருந்ததால காத்து நேரா அடிக்கலை. இலை நுனி எப்பவும் கொஞ்சம் கருகித்தான் இருக்கும், ஆனாலும் பன்னெண்டு வருஷத்துல பதினஞ்சு அடி வந்துச்சு. குண்டடம் சந்தைக்கு மாடு ஓட்டிட்டுப் போறவங்க நின்னு பார்த்துட்டுப் போவாங்க. "என்னங் மாப்ளே, ஊட்டியைத் தோட்டத்துக்கே கொண்டாந்துட்டீங்களா?" அப்படிம்பாங்க.

அப்புறம் 2016 வந்துச்சு. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. நூறு வருஷத்துக்கு மேல பார்க்காத வறட்சின்னு பேப்பர்ல போட்டாங்க. எங்களுக்குப் பேப்பர் பார்த்துத் தெரியணும்னு இல்லை. கெணறு தரை தெரிஞ்சுது. போர் காத்துதான் ஊதுச்சு. அறுபது தென்னைல குருத்து சாஞ்சுட்டே வந்துச்சு. மாட்டுக்கு லாரித் தண்ணி விலைக்கு வாங்கினோம். ஒரு நாள் சாயந்தரம் தொட்டியில இருக்கிற தண்ணியைப் பார்த்துட்டு நின்னேன். அஞ்சு மாடு, ரெண்டு கன்னுக்குட்டி, வீட்டுக்கு ரெண்டு குடம். கணக்குப் போட்டா அந்த மரத்துக்குப் பங்கு இல்லை. அன்னைக்கு நிறுத்தினேன்.

2017 சித்திரையில மரம் உச்சியில இருந்து பழுப்பு ஏறி நின்னுடுச்சு. மகள் கோயமுத்தூர்ல காலேஜ் விடுதியில இருந்தா. போன்ல நான் சொல்லலை. லீவுக்கு வந்தவ நேரா மரத்துக்கிட்டப் போய், அடிமரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம வீட்டுக்குள்ள வந்துட்டா. "ஏம்ப்பா சொல்லலை?"ன்னு கூடக் கேக்கலை. கேட்டிருந்தா பரவாயில்லை.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த ஊசியிலை மரங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. நான் பள்ளிக்கூடப் படிப்போட நின்னவன். ஆனா நூலகத்துல உக்காந்து படிக்கிறதுக்குப் பட்டம் தேவையில்லை. கேட்டது, படிச்சது, போய்ப் பார்த்தது எல்லாம் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். ஊசி மாதிரி இலை இருக்கிறதெல்லாம் ஊசியிலை மரம் இல்லைங்க. நம்ம சவுக்கை எடுத்துக்குங்க. காகித ஆலைக்குன்னு காவிரிக் கரை வரைக்கும் நட்டிருக்காங்க. பார்த்தா ஊசி, காயும் கூம்பு மாதிரி. ஆனா சவுக்கு பூக்கிற மரம். நாம ஊசின்னு நினைக்கிறது அதோட மெல்லிய குச்சி. நிஜ இலை அந்தக் குச்சியோட கணுவுல பல்லு மாதிரி ஒட்டிட்டு இருக்கும். நிஜமான ஊசியிலைக் குடும்பம் பூவே இல்லாதது. பூங்கிற சமாச்சாரம் உலகத்துல பெருகுறதுக்கு முன்னாடியே வந்த மரங்கள். பைன், சைப்ரஸ், தேவதாரு, அரௌகேரியா எல்லாம் அந்தச் சாதி.

இந்த மரங்கள் குளிர் நாட்டு மரம், வெள்ளைக்காரன் கொண்டாந்தது, நமக்கும் அதுக்கும் ஒட்டில்லைன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குப் போன அன்னைக்கு அந்த எண்ணம் போச்சு. எங்க ஊர் மாதிரியே வெயில் காயற ஊரு. சுத்தியும் மானாவாரிக் காடு. அங்க ஒரு ஓடைக்குப் பக்கத்துல கம்பி வேலி போட்டு, உள்ளே ஒரு மரம் படுத்திருக்கு. 18 மீட்டர் நீளம். மரம்னா மரம் இல்லை, கல்லு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல இதை உலகத்துக்குச் சொன்னார். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தினதுன்னு கணக்கு. அன்னைக்கு அந்த இடம் கடல். கரையோரம் நின்ன மரத்தை ஆத்து வெள்ளம் இழுத்துட்டுப் போய்க் கடல்ல போட, சேறு மூடி, மரத்தோட ஒவ்வொரு நரம்பும் கல்லா மாறிடுச்சு. அந்த மரம் ஊசியிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அதாவது, பெரம்பலூர்ல இன்னைக்குச் சோளமும் பருத்தியும் விளையற இடத்துல, மனுஷன்னு ஒருத்தன் வர்றதுக்கு முன்னாடி ஊசியிலைக் காடு இருந்திருக்கு. நான் வேலிக்கு வெளியே நின்னு அதைப் பார்த்தப்போ எங்க தோட்டத்து மரம்தான் ஞாபகம் வந்துச்சு. நாம என்னமோ புதுசா கொண்டாந்து வெச்சதா நினைச்சோம்.

அங்கிருந்து திருவக்கரைக்குப் போனேன். விழுப்புரம் மாவட்டம், வக்கிரகாளியம்மன் கோயில் இருக்கிற ஊரு. அங்க கல்மரம் ஒண்ணு ரெண்டு இல்லை, நூத்துக்கணக்குல சிதறிக் கிடக்கு. வக்கிராசுரனோட எலும்புன்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க. சோனரா அப்படிங்கிற பிரெஞ்சுக்காரர் 1781-ல இதைப் பத்தி முதல்ல எழுதினார். இது சுமார் 2 கோடி வருஷம் பழசு. இதுல பாதிக்குமேல பூக்கிற மரங்கள். புளிய மரத்துக்குச் சொந்தமெல்லாம் இருக்கு. கூடவே போடோகார்ப்பஸ்னு ஒரு ஊசியிலைக் குடும்பத்துக்கு ஒட்டின மரமும் இருக்கு. சாத்தனூர்ல ஊசியிலை, திருவக்கரைக்கு வர்றப்போ பூக்கிற மரம் கை ஓங்கிடுச்சு, ஊசியிலை சிறுபான்மை ஆயிடுச்சு. ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்குப் போனவங்க அங்க ஒரு கல்லான அடிமரத்தைப் பார்த்திருப்பீங்க. அது திருவக்கரையில இருந்து போனதுதான்.

சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சு? சமவெளி காய்ஞ்சுது, அந்த மரங்கள் போச்சு. எல்லாம் போகலை. ஒண்ணு மட்டும் நம்ம மேற்கு மலையில தங்கிடுச்சு.

அதுதான் நிரம்பாலி. நரம்பாலின்னும் சொல்றாங்க, மலைக்கு மலை பேர் கொஞ்சம் மாறும். தென்னிந்தியாவுல தானா வளர்ற ஒரே ஊசியிலைக் குடும்ப மரம் இதுதான். ஆனைமலை, பெரியாறு, அகத்தியமலைன்னு, வருஷம் பூரா சொட்டிக்கிட்டே இருக்கிற காட்டுக்குள்ளதான் இருக்கும். இதே மரம் அசாம் பக்கமும், பர்மா தாண்டி நியூகினி வரைக்கும் உண்டு. இடைப்பட்ட தக்காணம் பூரா கிடையாது. ஈரம் இல்லாத இடத்தைத் தாண்டிக் குதிச்சுட்ட மாதிரி.

2018-ல நான் அதைப் பார்த்தேன். எங்க பெரியம்மா மகன் வால்பாறையில எஸ்டேட் வேலையில இருந்தாரு. அவரு மூலமா, வனத்துறை அனுமதியோட போன ஒரு கூட்டத்துல நானும் ஒட்டிக்கிட்டேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினா வேற உலகம். எங்க ஊருக்கும் அதுக்கும் நேர் கோட்டுல பார்த்தா எழுபது, எண்பது கிலோமீட்டர்தான். ஆனா அங்க வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. எங்களுக்கு அஞ்சு வருஷத்துல பெய்யறது அங்க ஒரே வருஷத்துல பெய்யுது.

சோலைக்குள்ள போனதும் அட்டை ஏறுச்சு, இருட்டுக் கட்டுச்சு. கூட வந்த வனக்காவலர் ஒரு மரத்துக்கிட்ட நிறுத்தி, "இதுதாங்க நிரம்பாலி" அப்படின்னார். நான் அண்ணாந்து பார்த்து ஊசியைத் தேடறேன், ஊசியே இல்லை. இலை அகலம், விரல் நீளத்துக்கு, மாவிலையைச் சின்னதாக்கின மாதிரி. "இது எப்படிங்க ஊசியிலை?"ன்னு கேட்டேன். கீழே விழுந்த ஒரு இலையை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். மாவிலைன்னா நடுவுல ஒரு தடிச்ச நரம்பு இருக்கும். இதுல நடு நரம்பே இல்லை. காம்புல இருந்து நுனி வரைக்கும் நூல் நூலா ஒண்ணுக்கொண்ணு இணையா ஓடுது. நூறு ஊசியைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்ச மாதிரி. இருட்டுக் காட்டுல வெளிச்சம் பிடிக்க இலையை அகலமாக்கிக்கிட்ட ஊசியிலை மரம் அது.

இதுல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. நம்ம பனை மாதிரிதான். பெண் மரத்துல விதை ஒரு சதைப்பிடிப்பான காம்பு மேல உக்காந்திருக்கும். போடோகார்ப்பஸ்ங்கிற பேருக்கே கிரேக்கத்துல காலோட இருக்கிற காய்னு அர்த்தமாம். இப்போ இதை நகீயாங்கிற இனத்துல சேர்த்திருக்காங்க. அது ஜப்பான்காரங்க நாகின்னு கூப்பிடுற மரத்தோட பேர்ல இருந்து வந்தது. அங்க நாரா ஊர்ல காசுகா கோயில் காட்டுல அந்த நாகி மரத்தைச் சாமி மரமா வெச்சிருக்காங்க. முழுப் பேர்ல வர்ற வாலிச், கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்குத் தலைவரா இருந்த டென்மார்க்காரர்.

இந்த மரத்தை வளர்க்க முடியுமான்னு வனக்காவலரைக் கேட்டேன். விவசாயி புத்தி அதுதானே. அவர் சொன்னார்: விதை காயக் கூடாது. நம்ம சோளம், கம்பு மாதிரி வெயில்ல போட்டு எடுத்து வெச்சு அடுத்த வருஷம் விதைக்கிற கதை இதுல நடக்காது. விழுந்த ஈரத்தோட மக்கு மண்ணுல போடணும். முளைச்சதும் நிழல் வேணும். மண்ணு எப்பவும் ஈரமா இருக்கணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. அப்படிப் பார்த்தாலும் வளர்ச்சி ரொம்ப மெதுவு. நட்டவன் நிழல்ல உக்கார மாட்டான், பேரன்தான் உக்காரணும். ஆணும் பெண்ணும் பக்கத்துல இருந்தாத்தான் அடுத்த தலைமுறை. காட்டைத் துண்டு துண்டா வெட்டி நடுவுல தேயிலை வெச்சதுல, ஆண் ஒரு துண்டுலயும் பெண் ஒரு துண்டுலயும் மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்.

தேயிலைன்னதும் வெள்ளைக்காரன் கதைக்கு வரணும். இதுல எங்க ஊருக்கும் பங்கு உண்டுங்க. ஊட்டியை உண்டாக்கின ஜான் சலிவன் கோயமுத்தூர் ஜில்லா கலெக்டர். அப்போ தாராபுரமும் அந்த ஜில்லாதான், நீலகிரியும் அந்த ஜில்லாதான். 1868-லதான் நீலகிரி தனியாப் பிரிஞ்சுது. எங்களைத் திருப்பூர் மாவட்டத்துல சேர்த்தது 2009-ல. 1819-ல மலை ஏறின சலிவனுக்கு அது அவங்க ஊர் மாதிரியே தெரிஞ்சுது. அவங்க ஊர் மாதிரியே ஆக்கணும்னும் தோணிச்சு. 1848-ல லண்டன் கியூ தோட்டத்துல இருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர்னு ஒரு தோட்டக்காரரை வரவழைச்சாங்க. சேறும் சரிவுமா கிடந்த இடத்தை இன்னைக்கு நாம பார்க்கிற தாவரவியல் பூங்காவா மாத்தினது அவர்தான். உலகத்துல எங்கெங்கேயோ இருந்து மரம் வந்துச்சு. கலிபோர்னியாவுல கடலோர மூடுபனியில வளர்ற மாண்டெரி சைப்ரஸ், ஜப்பான்ல மழைக்காட்டு மரமான கிரிப்டோமேரியா, அரௌகேரியா, பைன். எல்லாம் ஈரம் கேக்குற சாதி. நீலகிரியில ஈரம் இருந்துச்சு, வளர்ந்துடுச்சு. மகள் வாங்கிட்டு வந்த செடியோட பாட்டன் முப்பாட்டன் அப்படி வந்தவங்கதான்.

அதே காலத்துல மெட்ராஸ் மாகாணத்துக்கு 1856-ல முதல் வனப் பாதுகாவலரா வந்தவர் கிளெக்ஹார்ன். அவருக்குப் பின்னால வந்தவர் பெட்டோம். இந்தப் பெட்டோம் ஆனைமலை பூரா நடந்து, தென்னிந்தியக் காட்டு மரங்களைப் படம் வரைஞ்சு புத்தகமாப் போட்டார், 1869-ல இருந்து 1874 வரைக்கும். அதுல நம்ம நிரம்பாலியும் இருக்கு. பார்த்தாங்க, பேர் வெச்சாங்க, படம் போட்டாங்க. ஆனா அதை யாரும் தோட்டம் தோட்டமா நட்டுப் பெருக்கலை. ஏன்னா அது மெதுவா வளரும். வேகமா வளர்றது வேணும். விறகுக்குத் தைல மரம், தோல் பதனிடற பட்டைக்குச் சீகை, அப்புறம் காகிதக் கூழுக்கு பைன்.

நாம சுதந்திரம் வாங்கின பிறகும் அதையே இன்னும் வேகமாச் செஞ்சோம், அதையும் சொல்லணும். நீலகிரி, கொடைக்கானல் மலைகள்ல புல்வெளி இருந்தா அது சும்மா கிடக்கிற தரிசுன்னு நினைச்சு, அதுல தைலமும் சீகையும் பைனும் நட்டாங்க. எங்க கொறங்காட்டைப் பார்த்து "சும்மா கிடக்குது"ன்னு சொல்ற மாதிரிதான். புல்வெளி மழையைப் பிடிச்சு வெச்சுக் கோடையில ஓடையா விடுதுங்கிறது அப்புறம்தான் உறைச்சுது. ஊட்டியில இருக்கிற மண்வள ஆராய்ச்சிக்காரங்க கிளென்மார்கன்ல ரெண்டு பள்ளத்தாக்கை எடுத்து, ஒண்ணைப் புல்வெளியாகவே விட்டு, இன்னொண்ணுல தைலம் நட்டு, பல வருஷம் தண்ணியை அளந்தாங்க. தைலம் நட்ட பள்ளத்தாக்குல முதல் போகத்துலயே ஓடி வர்ற தண்ணி 16 சதவீதம் குறைஞ்சுது. மறுதாம்பு விட்டப்போ அதுக்கும் மேல. பைன் காட்டுக்குள்ள போனவங்களுக்குத் தெரியும், கீழே மெத்தை மாதிரி ஊசி கிடக்கும், புல்லு பூண்டு இருக்காது. போட்டோவுக்கு அழகு. மாட்டுக்கு ஒரு வாய் இல்லை. இப்போ சென்னை உயர் நீதிமன்றமும் அரசாங்கமும் அந்நிய மரங்களை எடுக்கணும்ங்கிற நிலைக்கு வந்திருக்காங்க. நட்டது ஒரு நூற்றாண்டு, பிடுங்கறது எத்தனை வருஷமோ.

நகரத்துல இருக்கிறவங்க கேக்கலாம், மலையில மரம் மாறினா குண்டடத்து விவசாயிக்கு என்னன்னு. அங்கதாங்க விஷயமே இருக்கு.

எங்க ஊர் வடுகநாதர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. சேர நாட்டுல இருந்து எருது மேல மிளகு ஏத்திட்டு பாண்டிய நாட்டுக்குப் போன வணிகன் இங்க ராத்திரி தங்கினான். பெரியவர் ஒருத்தர் வந்து கொஞ்சம் மிளகு கேட்டார். "இது மிளகு இல்லை, பாசிப்பயறு"ன்னு பொய் சொன்னான். ஊர் போய் மூட்டையைப் பிரிச்சா எல்லாம் பாசிப்பயறு. வந்தவர் பைரவர்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நான் அந்தக் கதையை வேற மாதிரியும் பார்ப்பேன். மிளகு மலை ஈரத்துல விளையறது, பாசிப்பயறு எங்க காய்ஞ்ச காட்டுல விளையறது. குண்டடத்துக்கு வந்தா மிளகும் பயறாத்தான் ஆகும்.

மலை ஈரம் நிஜமாவே குண்டடத்துக்கு வந்தது பி.ஏ.பி. வாய்க்கால்லதான். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். மேற்கே ஓடுற ஆனைமலை ஆறுகளை மடக்கிக் கிழக்கே திருப்புற யோசனை. வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிச்சாமிக் கவுண்டர் அதுக்காக அலைஞ்சார். காமராசர் முதலமைச்சரா, சி. சுப்பிரமணியம் அமைச்சரா இருந்தப்போ வேலை நடந்துச்சு. 1961-ல பிரதமர் நேரு வந்து தொடங்கி வெச்சார். கேரளாவோட ஒப்பந்தம் 1970-ல. நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம்னு மலைக்குள்ள ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குக் குகை வழியாத் தண்ணி வருது. சர்க்கார்பதியில இருந்து மலை விளிம்பிலேயே 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய்ல ஓடித் திருமூர்த்தி அணைக்கு வந்து, அங்கிருந்து எங்க பக்கம். மூணே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல பாசனம். எல்லாருக்கும் ஒரே சமயத்துல விட முடியாதுன்னு நாலு மண்டலமாப் பிரிச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒருத்தர் மடைக்குத் தண்ணி.

அந்தத் தண்ணி எங்க பிறக்குதுன்னு நான் அன்னைக்கு வால்பாறைச் சோலையிலதான் கண்ணால பார்த்தேன். மழை நின்னு அரை மணி நேரம் ஆச்சு. ஆனா மரத்துல இருந்து சொட்டுறது நிக்கலை. அடிமரம் பூரா பாசி. காலுக்குக் கீழே மக்கு, பஞ்சு மாதிரி அமுங்குது. அதுல இருந்து கசிஞ்சு ஒரு விரல் தடிமன்ல ஓடை. நிரம்பாலி ஒண்ணு மட்டும் அந்தத் தண்ணியைக் கொடுக்குதுன்னு நான் சொல்லலை. நூத்துக்கணக்கான மரம் சேர்ந்த சோலை அது. ஆனா அந்த ஈரம் இல்லைன்னா நிரம்பாலி இல்லை. நிரம்பாலி நிக்குதுன்னா அங்க ஈரம் இன்னும் இருக்குன்னு அர்த்தம். நம்ம கெணத்துல படிக்கட்டை எண்ணித் தண்ணி பார்க்கிற மாதிரி, அந்த மரம் மலைக்கு ஒரு படிக்கட்டு.

வால்பாறையில இப்போ நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்காரங்க எஸ்டேட்டுகளுக்கு நடுவுல மிஞ்சிக் கிடக்கிற சோலைத் துண்டுகள்ல மண்ணுக்குரிய மரங்களையே நாற்று விட்டு நட்டுட்டு வர்றாங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு ஏக்கருக்கு நூத்துக்கணக்குல கன்னு, வருஷக்கணக்குல களை எடுப்பு. அதைப் பார்த்தப்போ மனசுக்குள்ள கை எடுத்துக் கும்பிட்டேன். அவங்க அங்க நடறது என் மடைக்கு.

சரி, பேத்தி கேட்டதுக்கு வர்றேன்.

மகளுக்குத் திருப்பூர்ல மாடி வீடு. அவகிட்டச் சொன்னேன்: "அம்மிணி, உனக்கு ஆசைன்னா தொட்டியில வெச்சுக்க." அப்படி வெக்கிறவங்க நம்ம ஊர்கள்ல நிறையப் பேர். அவங்களுக்கும் சேர்த்து, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன். போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு ஏறி இலை நுனி கருகும். மழைத் தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்துங்க. மண்ணுல பாதி இலை மக்கு இருக்கட்டும். ஓட்டை அடைக்காம பார்த்துக்குங்க, ஈரம் வேணும், தேங்கக் கூடாது. காலை வெயில் போதும், மேற்கு வெயிலும் மொட்டை மாடிக் காத்தும் ஆகாது. கோடையில இலைமேல தண்ணி தெளிங்க. உச்சிக் குருத்தை மட்டும் ஒடிச்சுடாதீங்க. பக்கக் கிளையை வெட்டி நட்டா அது மரமா நிமிராது, படுத்துக்கிட்டே வளரும். அப்புறம் நேரா வளரலைன்னு வருத்தப்படாதீங்க. நம்ம பக்கம் கிறிஸ்துமஸ் மரம்னு நிக்கிற நிறைய மரம் குக் பைன்ங்கிற அரௌகேரியா. அது உலகத்துல எங்க நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கமாச் சாயும்னு 2017-ல அளந்து சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்ல தெற்கே சாயும். எங்க மரமும் லேசாத் தெற்கே சாஞ்சுதான் இருந்துச்சு. நான் ஆடிக் காத்துன்னு நினைச்சு வருஷா வருஷம் கயித்தைக் கட்டி இழுத்துட்டு இருந்தேன்.

ஆனா தோட்டத்துல? "வேண்டாம்"னு சொல்ல எனக்கு உரிமை இருக்கான்னு தெரியலை. நான் ஒரு தடவை தண்ணியை நிறுத்தினவன். மறுபடி 2016 மாதிரி ஒண்ணு வந்தா, மறுபடியும் மாட்டுக்குத்தான் ஊத்துவேன். அதை நான் மாத்திக்க முடியாது. அப்படி ஒரு கணக்குக்குள்ள, ஈரம் கேக்குற ஒரு உசிரைத் தெரிஞ்சே கொண்டாந்து விடறது நியாயமா? பேத்திகிட்ட இவ்வளவும் சொல்ல முடியுமா? "அது மலைப்பக்கத்து மரம் கண்ணு. நீ கொஞ்சம் பெரியவளானதும் அப்புச்சி உன்னை வால்பாறைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க நம்ம மலையோட கிறிஸ்துமஸ் மரம் ஒண்ணு இருக்கு, ஊசியே இல்லாதது" அப்படின்னேன். "ஊசி இல்லாம எப்படி?"ன்னு கேட்டா. நான் கேட்ட அதே கேள்வி.

ஊருக்குக் கிளம்பறப்போ மகள் கார்ல ஏறினவ, கண்ணாடியை இறக்கி, "அப்பா, அன்னைக்கு நான் இருந்திருந்தாலும் மாட்டுக்குத்தான் ஊத்தச் சொல்லியிருப்பேன்" அப்படின்னா. ஏழு வருஷம் கழிச்சு. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தக் கட்டையை இன்னும் பிடுங்கலைங்க. பேத்தி ஏறி நிக்கிறதுக்கு ஆச்சு. அடுத்து எங்க மண்டலத்துக்குத் தண்ணி விடறப்போ, அந்த ஆனைமலைத் தண்ணி வாய்க்கால்ல வந்து முதல்ல அந்தக் கட்டைக்குப் பக்கத்துலதான் திரும்பும். ஒரு மடை அதுக்கும் திருப்பி விடலாம்னு இருக்கேன். துளிர்க்காதுன்னு தெரியும்.